நாலு வண்டிக்கு ஒரு சிங்காரம்

திருச்செங்கோட்டுக் குதிரை வண்டிக்காரர்களில் வெள்ளியங்கிரியிடம் மட்டும் வாயைக் கொடுத்துவிட்டால் லேசில் மீள முடியாது. சங்ககிரி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி அவர் வண்டியில் ஏறியவர்கள், மலையடிவாரம் வந்து சேர்வதற்குள் குதிரைக்கு எத்தனை விதமான வயிற்றுவலி வரும், மூக்குச் சளி எப்போது சாதாரணம், எப்போது ஆபத்து, லத்தி எந்த நிறத்தில் விழுந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்பதையெல்லாம் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். கல்யாணத்துக்கு வந்தவர்களோ, துக்கத்துக்கு வந்தவர்களோ, லத்தி விஷயத்தில் அவர் யாருக்கும் விலக்கு அளித்ததில்லை. பட்டுப்புடவை கட்டிய அம்மாள் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டபோது, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

அவருடைய குதிரைக்குச் சிங்காரம் என்று பெயர். செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, பின்னங்கால் இரண்டும் வெள்ளை. பார்த்தவர்கள் இன்னொரு முறை திரும்பிப் பார்ப்பார்கள். அப்படித் திரும்பிப் பார்க்கிறார்களா என்று வெள்ளியங்கிரியும் திரும்பிப் பார்ப்பார். கொள்ளை ஊறவைத்து, வேகவைத்து, ஆறவைத்து, நாலு பருக்கை தன் வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டுத்தான் அதற்கு வைப்பார். ஓடிக் களைத்து வந்த குதிரைக்கு உடனே தண்ணீர் காட்டினால் அவருக்குக் கண் சிவந்துவிடும்.

"எனக்குக் காச்ச வந்து படுத்தா நெத்தியத் தொட்டுப் பாக்க ஆளில்லீங்க. அதும்பட வாலுல ஒரு மசுரு உதுந்தாப் போதும், ஊரையே கூட்டிப்போடுவாரு" என்று அவர் பெண்டாட்டி மாரக்காள் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இத்தனை கவனமான மனுஷனிடம் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. சிங்காரத்தை யாராவது புகழ்ந்தால் அவருக்குப் புத்தி கொஞ்ச நேரம் வேலை செய்யாது. அந்த ஓட்டை வண்டிப்பேட்டையில் எல்லாருக்கும் தெரியும்.

பேட்டையில் அவரோடு சேர்த்து நாலு வண்டி. மற்ற மூன்று குதிரைகளும் ஆளுக்கொரு வியாதியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. காளியப்பனுடைய பெட்டைக் குதிரை செல்லாத்தாளுக்கு மேல்மூச்சு. பழைய தூசி வைக்கோலைத் தின்று தின்று நெஞ்சு கெட்டு, கொல்லன் துருத்தி மாதிரி இரைத்துக்கொண்டே ஓடும். ராசப்பன் தன் குதிரையை அதன் மூத்திரத்திலேயே நிற்கவிட்டதால் முன்னங்குளம்பு அழுகிப்போயிருந்தது. வண்டி வருவதற்கு முன்னால் நாற்றம் வந்துவிடும். மயில்சாமி குதிரைக்கு இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாததால் அது இடதுபக்கம் திரும்பவே திரும்பாது. இடதுபக்கத் தெருவுக்குப் போகிறவர்களை மயில்சாமி வலதுபக்கமாக ஊரைச் சுற்றிக்கொண்டுபோய் விடுவான். "ஊர் பாத்த மாதிரியும் ஆச்சுங்கல்ல?" என்று சிரிப்பான்.

முப்பத்தாறாம் வருஷம் கோடையில், வண்டிக் குதிரைகளைப் பரிசோதித்து லைசென்ஸ் தகடு கொடுக்கப் புதிய டாக்டர் ஒருவர் வருவதாகச் சேதி வந்தது. பெயர் பாலசுந்தரம். முன்னிருந்தவர் நாற்காலியை விட்டு எழாமல் தகடு கொடுப்பவர். இவர் குளம்பைத் தூக்கிப் பார்க்கிறார், விலாவில் காதை வைத்துக் கேட்கிறார், கண்ணுக்கு நேரே விரலை ஆட்டுகிறார் என்று ராசிபுரத்தில் அடிபட்டவர்கள் வந்து சொன்னார்கள். அங்கே பாதி வண்டிக்குத் தகடு இல்லையாம். திருச்செங்கோட்டில் வைகாசித் தேர்த்திருவிழாவான தேர்நோம்பி நெருங்கிக்கொண்டிருந்தது. வருஷத்தில் வண்டிக்காரன் தலைநிமிரும் காலம் அதுதான். தகடு இல்லாவிட்டால் ஸ்டேஷன் பக்கமே தலைகாட்ட முடியாது.

வெள்ளியங்கிரிக்கு அந்தக் கவலை இல்லை. அவர் தேர்நோம்பிக்கு அயோத்தியாப்பட்டணத்து மாமனார் வீட்டை மொத்தமாக அழைத்திருந்தார். "ஸ்டேஷனுக்குச் சிங்காரத்தைப் பூட்டிக்கிட்டு நானே வாரேன்" என்று ஆள் மூலம் சொல்லியும் அனுப்பிவிட்டார். மாமியார்க்காரி பெண் கொடுத்த நாளிலிருந்து அவரை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. அவளைச் சிங்காரத்தின் பின்னால் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டுவது என்று முடிவு கட்டியிருந்தார்.

காளியப்பன்தான் முதலில் ஆரம்பித்தான்.

"அண்ணா, உம்பட குதிரையாட்ட ஒரு குதிரை சேலம் ஜில்லாவுலயே கெடையாதுங்கோவ்."

வெள்ளியங்கிரி மீசையைத் தடவினார்.

"அந்த டாக்டரு இதப் பாத்தாருன்னா அசந்து போயிருவாரு. ஆனா என்ன, ஒருக்காத்தானே பாப்பாரு? இந்த அழகை ஒருக்காப் பாத்தாப் போதுமுங்களா?" என்றான் மயில்சாமி.

"நாலு தடவை பாக்கோணும். அப்பத்தான் மனசுல நிக்கும்" என்று ராசப்பன் முடித்துவைத்தான்.

புத்தி வேலை செய்யாத அந்தக் கொஞ்ச நேரத்தில் ஏற்பாடு முடிந்துவிட்டது. பரிசோதனை பயணியர் பங்களா மைதானத்தில். பங்களாவுக்குப் பின்னால் எண்ணெய் ஆட்டும் ஒரு செக்கடி. அங்கே சிங்காரத்துக்கு வேஷம் மாற்றி மாற்றி வண்டி வண்டியாகப் பூட்டி அனுப்புவது, கடைசியில் அது சொந்த முகத்தோடு சொந்த வண்டியில் போவது. இதில் யாரும் யாரையும் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று நாலு பேரும் மலையேறிப் போய் அறுபதாம் படியில் சத்தியமும் செய்தார்கள்.

அந்தப் படி லேசுப்பட்டதல்ல. ஊரில் வழக்கு தீராவிட்டால் அந்தப் படியில் வந்து சத்தியம் பண்ணு என்பார்கள். அங்கே நின்று பொய் சொன்னவன் குடும்பம் விளங்காது என்பது சுற்றுவட்டாரம் முழுக்க இருக்கும் பயம். எத்தனையோ கெட்டிக்காரப் பொய்யர்கள் அந்தப் படிவரை வந்து உண்மையைக் கக்கியிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட இடத்தில் இந்த நாலு பேரும் கற்பூரத்தை அணைத்து, "நாலு வண்டிக்கும் ஒரே குதிரைங்கறத உசுரு போனாலும் சொல்ல மாட்டோம்" என்று சத்தியம் செய்துவிட்டு, மனநிறைவோடு இறங்கி வந்தார்கள். அதில் ஏதோ இடிக்கிறதே என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

பரிசோதனை நாளில் செக்கடியில் மாரக்காள்தான் ஒப்பனைக்காரி. "கூத்துக்குப் போற வயசுல போகாம இப்பப் போறீங்களாக்கு" என்று திட்டிக்கொண்டே காவிக்கல்லை அரைத்து விளக்கெண்ணெயில் குழைத்தாள். நெற்றிச் சுட்டியும் பின்னங்கால் வெள்ளையும் காவிக்குள் மறைந்தன. சிங்காரம் செல்லாத்தாளாகிவிட்டது. வெள்ளியங்கிரி செக்கடிச் சுவரில் இருந்த ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டார்.

பாலசுந்தரம் ஒல்லியான மனுஷர், மூக்குக்கண்ணாடிக்காரர். குளம்பு நாலையும் தூக்கிப் பார்த்தார். கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டினார். விலாவில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"அருமையான குதிரை. நெஞ்சு சுத்தமா இருக்கு. பேரென்ன?"

"செல்லாத்தாளுங்க" என்றான் காளியப்பன், பழக்க தோஷத்தில்.

டாக்டர் குனிந்து குதிரையின் வயிற்றுக்குக் கீழே பார்த்தார். நிமிர்ந்து காளியப்பனைப் பார்த்தார். சிங்காரம் கடா போல ஆண்குதிரை. நெற்றியை மறைத்தவர்களுக்கு அந்தப் பக்கத்து ஞாபகமே வரவில்லை.

"செல்லாத்தாளா? நல்ல பேரு" என்று சொல்லி, பையிலிருந்து இரண்டு பிஸ்கோத்தை எடுத்துக் குதிரைக்குக் கொடுத்து, தகட்டையும் கொடுத்து அனுப்பினார்.

சுவருக்குப் பின்னால் வெள்ளியங்கிரிக்கு, 'அருமையான குதிரை' என்பதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை.

அடுத்தது ராசப்பன் முறை. அவன் குதிரைக்கு முகத்தில் நீளமாக வெள்ளைப் பட்டை. மாரக்காள் திருநீற்றைக் கோந்துத் தண்ணீரில் குழைத்து நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை இழுத்துவிட்டாள். சைவத் திருநீற்றில் வைணவ நாமம் போட்டது போல் வந்தது. டாக்டர் அதையும் பார்த்தார், கேட்டார், பிஸ்கோத்து கொடுத்தார். மூன்றாவதாக மயில்சாமிக்கு அது விளக்குக் கரியில் முகமும் பிடரியும் காலும் கறுத்துப் போயிற்று. டாக்டர் அதன் இடது கண்ணுக்கு நேரே விரலை ஆட்டியபோது மயில்சாமி பெருமிதத்தோடு நின்றான். முகத்தைத் தொட்ட விரலில் கரி ஒட்டியதை டாக்டர் மட்டும் பார்த்தார். இதற்கும் பிஸ்கோத்து உண்டு.

நாலாவதாக வெள்ளியங்கிரி. கரியைத் துடைத்து, காவியைக் கழுவி, சுட்டியைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, கழுத்தில் மணி கட்டி, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு அவர் மைதானத்துக்குள் வந்தார். மூன்று தடவை திருட்டுத்தனமாகக் கேட்ட புகழைக் கடைசியாக நேரில் வாங்கிக்கொள்ளப் போகிற சந்தோஷம் முகத்தில் வழிந்தது.

டாக்டர் எழுந்து வந்தார். சிங்காரம் கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றைப் பார்த்தது.

பிறகு பின்னங்காலால் வயிற்றை உதைத்துக்கொண்டது. மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டியது. வண்டியோடு சேர்த்துப் படுக்கப் பார்த்தது. அவிழ்த்து விட்டதும் தொப்பென்று கீழே விழுந்து புரளத் தொடங்கியது. உடம்பெல்லாம் வேர்வை கொட்டியது. அந்த வேர்வையோடு, கழுவியும் போகாமல் மயிருக்குள் ஒளிந்திருந்த காவியும் கரியும் திருநீறும் வரிவரியாக இறங்கி மண்ணில் சொட்டின.

"எழுப்புங்க! புரள விடாதீங்க, குடல் முறுக்கிக்கும்!" என்று டாக்டர் கத்தினார்.

ஊருக்கெல்லாம் வயிற்றுவலிப் பாடம் நடத்திய வெள்ளியங்கிரி மரம் போல நின்றார். அவருக்குத் தெரிந்த அத்தனை விதத்தில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. மாரக்காள்தான் ஓடிவந்து லகானைப் பிடித்து இழுத்தாள். நாலைந்து பேர் சேர்ந்து குதிரையை எழுப்பி நிறுத்தினார்கள். டாக்டர் வயிற்றில் காதை வைத்தார். சும்மா இருக்கும் நேரத்தில்கூடக் குடகுடவென்று பேசிக்கொண்டிருக்க வேண்டிய வயிறு வாயே திறக்கவில்லை.

"காலையிலிருந்து என்ன தின்னுச்சு?"

"புல்லு மட்டுந்தானுங்க சாமி. பரிசோதனைன்னு கொள்ளுக்கூட வெக்கலீங்க" என்றார் வெள்ளியங்கிரி. அவரைப் பொறுத்தவரை அது சத்தியமான உண்மை.

"வெறும் புல் தின்ன குதிரை இப்படி ஊதாது. வேறெதுவும் திங்கலைன்னா குடல்தான் முறுக்கியிருக்கணும். அதுக்கு மருந்து கிடையாது. துடிக்க விடாம சுட்டுடறதுதான் புண்ணியம்." அவர் வெள்ளியங்கிரியின் கண்ணைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காலையிலிருந்து குதிரை உங்ககிட்டவேதான் இருந்துச்சா?"

வெள்ளியங்கிரி திரும்பிப் பார்த்தார். மற்ற மூவரும் தரையில் எதையோ தொலைத்தவர்கள் போலக் குனிந்து நின்றார்கள். அண்ணாந்து பார்த்தார். மலை மேலே நின்றது. அறுபதாம் படி அங்கிருந்து தெரியாது. ஆனாலும் அது தன்னைப் பார்ப்பது போல் அவருக்கு இருந்தது. வாயைத் திறந்தால் சத்தியம் போகும். குடும்பம் விளங்காது. மூன்று பேர் தகடு போகும், தேர்நோம்பி போகும், மாமியார் முன்னால் மானமும் போகும். வாயை மூடிக்கொண்டிருந்தால் சிங்காரம் போகும். அது மறுபடியும் கழுத்தைத் திருப்பியது. இந்தத் தடவை வயிற்றைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தது.

"சாமி!" என்று வெள்ளியங்கிரி டாக்டர் காலில் விழுந்தார். "காலையில இருந்து வந்த நாலும் இது ஒண்ணுதானுங்க! சொல்ல மாட்டோம்னு அறுபதாம் படியில சத்தியம் பண்ணியும் சொல்றேனுங்க, என்ற குடும்பம் நாசமாப் போனாலும் போகட்டுமுங்க, குதிரையச் சுட்டுப்போடாதீங்க!"

 பிறகு காளியப்பன் தொண்டையைச் செருமினான்.

"நானு... குதிரை சுறுசுறுப்பா நிக்கோணும்னு... ஒரு மடி கொள்ளு குடுத்தனுங்க."

"வெந்ததா?"

"வேக வெக்க நேரமேதுங்க? பச்சைக் கொள்ளுதான்."

"கடலைப் புண்ணாக்கு" என்றான் ராசப்பன், யாரும் கேட்பதற்கு முன்பே.

"எத்தனை?"

"இருந்தது பூராங்க."

மயில்சாமி அழுதுகொண்டே சொன்னான். "நானு வெல்லமுங்க. தித்திப்புத் தின்னா விக்கிக்குமேன்னு மேல ஒரு வாளி தண்ணியும் காட்டிப்போட்டனுங்க."

பச்சைக் கொள்ளு, அதன்மேல் புண்ணாக்கு, அதன்மேல் ஒரு வாளித் தண்ணீர். உள்ளே போய் என்ன ஆட்டம் ஆடியிருக்கும் என்பதை நினைத்து வெள்ளியங்கிரி தலையிலடித்துக்கொண்டார். அவனவனும் மற்றவனுக்குத் தெரியாமல், நம் முறைக்கு மட்டும் கொஞ்சம் ஊட்டிவிடுவோம் என்று நினைத்திருக்கிறான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் பிஸ்கோத்து கொடுத்தேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஒரே குதிரைன்னு தெரிஞ்சும் கொடுத்தேன். இந்தக் கூத்து எதுவரைக்கும் போகுதுன்னு பாக்கலாம்னு இருந்துட்டேன். செல்லாத்தாள்னு சொன்னப்பவே நிறுத்தியிருக்கணும்."

பிறகு பேசுவதற்கு நேரமில்லை. ஆளிவிதை எண்ணெயில் பெருங்காயமும் டர்பண்டைனும் கலந்து மூங்கில் குழாயில் ஊற்றித் தொண்டைக்குள் இறக்கினார்கள். வெந்நீரில் சோப்பைக் கரைத்துப் பின்பக்கமாகவும் ஏற்றினார்கள். அந்த வேலையை ராசப்பன் தானாக முன்வந்து வாங்கிக்கொண்டான். டாக்டர் குதிரையை நடத்தச் சொன்னார். வெள்ளியங்கிரி தலைப்பக்கம் பிடிக்க, மற்றவர்கள் மாறி மாறிப் பக்கத்தில் தாங்கிக்கொண்டு, மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடத்தினார்கள். டாக்டர் பின்னாலேயே போய் அவ்வப்போது நிறுத்தி வயிற்றில் காதை வைப்பார். இல்லையென்று தலையை ஆட்டுவார். மறுபடி நடப்பார்கள். வேடிக்கை பார்க்க ஊரே கூடிவிட்டது. எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது ஊருக்குத் தெரிந்ததும், பேச்சுச் சத்தம்கூட நின்றுபோயிற்று. ஒரு குதிரை காற்றுப் பிரிப்பதைக் கேட்கத் திருச்செங்கோடு அவ்வளவு பயபக்தியோடு அதற்கு முன்னும் நின்றதில்லை, பின்னும் நின்றதில்லை.

வெயில் சாயும் நேரத்தில் அது நடந்தது. முதலில் சின்னதாக. பிறகு பங்களா ஓட்டிலிருந்து புறாக்கள் எழுந்து பறக்கும்படி. கூட்டம் "ஓ!" என்று கத்தியது. சிங்காரம் நின்று, காலை அகட்டி, வாலைத் தூக்கியது. வெள்ளியங்கிரி ஓடிப்போய், விழுந்த லத்தியை இரண்டு கையாலும் அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொள்ளு முழுசு முழுசாகத் தெரிந்தது.

"நிறம் நல்லாருக்குதுங்க" என்றார். லத்தியைப் பிடித்தபடியே விசித்து விசித்து அழுதார். சிங்காரம் போயிருந்தால் தானும் பிழைத்திருக்க மாட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. பட்டுப்புடவை அம்மாள் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அவள்கூட எட்டிப் பார்த்தாள்.

டாக்டர் கை கழுவிவிட்டு வந்து, கொடுத்த தகடுகளைத் திரும்பக் கேட்டார். மூவரும் முனகாமல் கொடுத்தார்கள்.

"தேருக்கு முன்னாடி இன்னொரு தடவை வர்றேன். அவங்கவங்க குதிரையை அவங்கவங்க கொண்டு வாங்க" என்று சொல்லி, ஆளுக்கொரு வழியும் சொன்னார். செல்லாத்தாளுக்குத் தூசி வைக்கோல் கூடாது, தண்ணீர் தெளித்த புல்தான், நெஞ்சு முழுக்கச் சீராகாது, ஆனால் இரைப்பு அடங்கும். ராசப்பன் குதிரை நிற்கும் கொட்டத்தைக் காயவைத்து, அழுகலைச் சுரண்டி, மயில்துத்தத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பூ விழுந்தது போகாது. மயில்சாமி தானே இறங்கிக் குதிரையின் இடதுபக்கமாக நடந்து வருவதென்றால் தகடு உண்டு.

"என்ற குதிரைக்குங்க?" என்றார் வெள்ளியங்கிரி.

"அதுக்குத் தேர் முடியற வரைக்கும் வண்டியே ஆகாது. ஓய்வுதான்."

அப்படியாக, சொன்னபடி நடந்துகொண்ட மூன்று பேருக்கும் தேர்நோம்பிக்கு முன்பே தகடு வந்துவிட்டது. மயில்சாமி நடந்தே இளைத்தான். பேட்டையில் தகடு இல்லாத ஒரே வண்டி வெள்ளியங்கிரியுடையது. அயோத்தியாப்பட்டணத்து ஜனங்கள் காளியப்பன் வண்டியில் வந்து இறங்கினார்கள். அடுத்தவன் வண்டியில் ஓரமாக உட்கார்ந்து வந்த மாப்பிள்ளையை மாமியார் வழி நெடுகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

சத்தியத்தை முறித்த பயம் வேறு அவரைப் பிடித்துத் தின்றது. ஒரு நாள் தேங்காய் பழத்தோடு அறுபதாம் படிக்குக் கிளம்பினார்.

"எதுக்குங்க?" என்றாள் மாரக்காள்.

"சத்தியத்த மீறி உண்மையச் சொல்லிப்போட்டனல்லோ, அதுக்கு மன்னிப்புக் கேக்கோணும்."

"பொய் சொல்லறதுக்கு அங்க போயிச் சத்தியம் பண்ணுனீங்களே, மொதல்ல அதுக்குக் கேளுங்க. மிச்சத்த அது மன்னிச்சுக்கும்."

வெள்ளியங்கிரி படியிலேயே உட்கார்ந்து அதை யோசித்துப் பார்த்ததாகக் கேள்வி. இறங்கி வரும்போது முகம் தெளிந்திருந்தது. சிங்காரமும் தெளிந்து, பழையபடி வண்டியில் பூட்டப்பட்டது. சங்ககிரி சாலையில் மோட்டார் பஸ் பெருகிக் குதிரை வண்டியை முந்திக்கொண்டு போன காலத்திலும் அவர் வண்டியில் ஆள் ஏறினார்கள். அந்தக் கதையைக் கேட்கவே ஏறியவர்களும் உண்டு. இந்த விஷயத்தில் தனக்குக் குறைவு வருமே என்று அவர் ஒரு நாளும் ஒளிக்கவில்லை. ஒளிக்கிற மாதிரியான கதையாக அவருக்கு அது தோன்றவே இல்லை.

"ஒரே நாள்ல மூணு தடவை பாசான குதிரை சேலம் ஜில்லாவுலயே இது ஒண்ணுதானுங்க" என்பார், சவுக்கைத் தூக்கிச் சிங்காரத்தைக் காட்டி. "காளியப்பன் பேருக்குப் பாசு. ராசப்பன் பேருக்குப் பாசு. மயில்சாமி பேருக்குப் பாசு. என்ற பேருக்கு மட்டுந்தான் பெயிலுங்க."

வண்டியில் மாரக்காள் இருந்தால் பின்னாலிருந்து குரல் வரும்.

"உங்க பேரச் சொன்னதுமே அதுக்கு வவுத்த வலிச்சிருச்சுங்க. எனக்கும் கண்ணாலத்தன்னிக்கு அப்படித்தான் இருந்துச்சு."